சர்க்கரை எண்ணுகிறவரின் நாய்

பிஷ்கெக், ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் உட்காருங்கள். குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வையுங்கள். உட்கார்ந்தாயிற்றா? ஃபெலோஷிப்பின் கடைசிச் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நம்மைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் இளம் ஆராய்ச்சியாளர்கள் எழுதிப் போட்டிருந்தார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்குக் கிடைக்கும். காலையில் மின்னஞ்சலைப் பார்த்ததும் ஆய்வுக்கூடத்துக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். வெளியே வந்தால் எங்கள் இயக்குநர் நிற்கிறார். "வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மூன்று வருடச் சம்பளம். எனக்கென்று ஒரு மேஜை, மருந்துக்கும் பயணத்துக்கும் பணம், எல்லாம் என் பெயரில். இத்தனை நாளும் இயக்குநரின் ஆராய்ச்சிக்குத்தான் நான் குழாய் கழுவியிருக்கிறேன். கட்டுரை வெளிவந்தால் கூட்டத்தோடு கூட்டமாக எங்கேயோ நடுவில் என் பெயர் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஃபெலோஷிப் என்பது விதி. எனக்கு இதுதான் கடைசி வருடம். தவறினால் மருந்துக் கம்பெனி ஒன்று காரும் சம்பளமும் தருவதாகக் கூப்பிடுகிறது. டாக்டர்கள் வீட்டு வாசலில் இருமல் மருந்து மாதிரியோடு நிற்கப் போகவேண்டியதுதான்.

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் விலாவிலிருந்து தொப்புள் வரை தையல் போட வைத்த அதே வியாதி. ஆட்டு நுரையீரலில் நீர்க்கட்டி, அதைத் தின்கிற நாயின் குடலில் நாடாப்புழு, நாய் போகிற இடமெல்லாம் முட்டை, அதைத் தொட்ட கையால் சாப்பிடுகிற நம் ஈரலில் மறுபடியும் கட்டி. மாதம் ஒரு மாத்திரை நாய்க்குக் கொடுத்தால் இந்தச் சுழற்சி அறுந்துவிடும். டாக்டர் வந்து கொடுக்காமல் மேய்ச்சல்காரர்களே கொடுக்கவேண்டும் என்பதுதான் என் யோசனை. "ஜைலோ மேய்ச்சல் மலையில் இருக்கிறவர்கள் இதையெல்லாம் செய்யமாட்டார்கள்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். செய்வார்கள் என்று இந்தக் கோடையிலேயே காட்டியாகவேண்டும். அங்கே இதைச் செய்ய எனக்கு உங்களைத் தவிர யாரும் இல்லை.

யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். கிடைத்த பிறகு நானே வந்து சொல்கிறேன். அங்கே போன் எடுக்காது என்பதால் இதை டிரைவர் ஜெக்‌ஷென் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, தானா சிரிக்கிற? மாப்பிள்ளை கெடச்சிட்டானா?" என்றான். "அதைவிடப் பெரிசு, ஃபெலோஷிப்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் ஜிபாரா


துயுக்-பெல் ஜைலோ, ஜூன் 15

கடைக்குட்டிக்கு அண்ணி எழுதுவது,

யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது உன் ஃபெலோஷிப்புக்கான விருந்துக்கு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டாயாம். மூடுவதற்கு முன்னால் வெளியே வந்த ஒரு வார்த்தை போதாதா? ஜெக்‌ஷென் கணவாயைத் தாண்டியதிலிருந்து ஒரு கூடாரம் விடவில்லை. வண்டியை நிறுத்துவது, "சுயுஞ்சு, சுயுஞ்சு" என்று நல்ல சேதிக்குப் பரிசு கேட்பது, வாங்கிக்கொண்டு அடுத்த கூடாரம். நல்ல சேதி கொண்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஒருவர் கல்பாக் தொப்பி கொடுத்தார், ஒருத்தி வெண்ணெய்க் குடம் கொடுத்தாள். நம் வாசலுக்கு வரும்போது வண்டியில் ஆள் உட்கார இடமில்லை. இறங்கும்போதே, "மாமா, உங்க பொண்ணு வெளிநாட்டுல ஜெயிச்சிட்டா. கட்டுக்கட்டா சம்பளமாம், வேலையே செய்ய வேணாமாம்" என்று கூவினான். உன் அப்பா அவனுக்கு ஒரு கிடா கொடுத்தார். அந்தக் கிடாவை ஏற்றுவதற்காகச் சாமான்களை நகர்த்தியபோதுதான் அடியில் உன் கடிதம் அகப்பட்டது. அதற்குள் உன் அண்ணன் இன்னொரு ஆட்டை அறுத்தாயிற்று.

பள்ளத்தாக்கே வந்தது. பெரியவர்கள் கையேந்தி வாழ்த்தினார்கள். நீ கணவாய்க்கு ரோடு போட்டுக் கொடுப்பாய் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். மாமா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து நடந்ததை உன் அண்ணன் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். அறுத்த ஆட்டின் நுரையீரல் முழுக்கக் கட்டி, ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. "இதை யாரு திங்கிறது?" என்று உன் சித்தப்பா அதைத் தூக்கி நாய்க்குப் போட்டார். காலங்காலமாகப் போடுகிறதுதான். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, "விடுங்க அத" என்று கத்தினேன். அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு மருமகளின் சத்தம். கத்தினதோடு நின்றேனா? ஓடிப்போய் நாயின் வாயிலிருந்து பிடுங்கினேன். நாய் ஒரு பக்கம் இழுக்கிறது, நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், தலைத்துணி கழன்று கீழே கிடக்கிறது. பிடுங்கி அடுப்பு நெருப்பில் போட்டுவிட்டு, "இதாங்க என் வயித்தக் கிழிச்சது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மாமா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என் கையால் தேநீர் வாங்குவதில்லை. நான் ஊற்றி வைக்கிறேன், உன் அண்ணன் எடுத்துக் கொடுக்கிறார்.

கெட்ட பெயர் வாங்கியாயிற்று. இனி எதற்கு வெட்கம்? உனக்கு என்ன வேண்டுமோ அனுப்பு, செய்கிறேன்.

உன் அண்ணி


பிஷ்கெக், ஜூன் 21

அண்ணி,

ஜெக்‌ஷென் பரிசு வாங்கிய கதையைப் படித்து இங்கே எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அதற்கடுத்த பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை அண்ணி. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இல்லை, சொல்லவேண்டாம். கிடைக்கவில்லை என்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் வருவது?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் முன்னால் நீங்கள் கத்தியிருக்கக்கூடாது. நீங்கள் சொன்னது சரிதான், நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அவர்கள் நாயை நாம் தொட முடியும். முறைத்துக்கொண்டு போனவர்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்? இதில் என் பிழைப்பே இருக்கிறது.

பெட்டி அனுப்பியிருக்கிறேன். குழாய்களில் இருக்கிற திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு நாயின் மலத்திலிருந்தும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு போதும். கையுறை போடாமல் தொடவே கூடாது, குட்டிப் பயல் எலாமானைப் பக்கத்தில் விடாதீர்கள். குழாயின் மேல் நாயின் சொந்தக்காரர் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், கையெழுத்துத் தாளோடு ஒப்பிட அது வேண்டும். எடுத்த அன்றைக்கே மாத்திரை. அடுத்த மாதம் மறுபடியும் மாத்திரை, அதன் பிறகு மறுபடியும் இதே மாதிரி எடுத்து அனுப்பவேண்டும். இரண்டாவது பெட்டியில் புழு குறைந்திருந்தால் நான் ஜெயித்த மாதிரி.

எனக்காக இந்த வேலையா என்று தோன்றுகிறதா? நாயின் பின்னால் அலைய உங்களைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஜிபாரா


துயுக்-பெல், ஜூலை 5

கடைக்குட்டிக்கு,

கத்தியிருக்கக்கூடாது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கடிதத்தைக் குதிரைச் சேணத்துக்கு அடியில் தள்ளிவிட்டு ரெண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்திருந்தவள் நான். நீ அதைப் புத்தகத்தில் படித்தவள். சரி, போகட்டும். பெட்டியைப் பார், முப்பத்தெட்டு குழாய் இருக்கிறது.

எப்படிச் செய்தேன் என்று கேள். முதல் நாள் கையுறையும் மாட்டிக்கொண்டு நம் தைகன் நாயின் பின்னால் போனேன். அது என்னைச் சந்தேகப்பட்டு ஓடையைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டது. வேட்டைநாய் அல்லவா, நான் எங்கே போனாலும் என்னைத்தான் வேவு பார்க்கிறது. குதிரையில் போன ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னம்மா, நாய் ஏதாச்சும் முழுங்கிடுச்சா? மோதிரமா?" என்று ஒருவர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, நாத்தனாரோட வேலைய முழுங்கிடுச்சு" என்றேன்.

ஆண்களிடம் போய்ப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. பெண்கள் எல்லாரையும் கம்பளி அடிக்கக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்ததும் கூடாரத்துக் கதவை இறக்கிவிட்டு என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஓடைக்கரை வீட்டு மருமகள் எழுந்து தன் சட்டையைத் தூக்கினாள். அவளுக்கு முதுகுப் பக்கம் தையல். பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் போட்டிருக்கிறோம், எனக்குத் தெரியாது. இன்னொருத்தி தன் மகனுக்கு நுரையீரலில் என்றாள். "மாத்திரய நாய்க்கு எதுல வெச்சுக் குடுக்கிறது?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். ஆட்டு வால்கொழுப்பில் வைத்து உருட்டிக் கொடு என்றேன். அந்த வாரமே கையெழுத்துத் தாள் எல்லாம் நிரம்பிவிட்டது. எந்த வீட்டில் எப்படிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வீட்டில் ரெண்டு நாள் சமையல் நடக்கவில்லை என்று கேள்வி.

மாமாவின் தாளை உன் அண்ணன் எடுத்துப்போனார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். தேநீர் இன்னும் சுற்றித்தான் போகிறது.

குழாய்களில் பெயர் எழுதியிருக்கிறேன், எனக்கு எழுத முடிந்த மாதிரி.

அண்ணி


பிஷ்கெக், ஆகஸ்ட் 12

என் தங்க அண்ணி,

நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இரண்டாவது பெட்டியின் முடிவு இப்போதுதான் வந்தது. முதல் பெட்டியில் இருபத்தொரு நாய்க்குப் புழு இருந்தது. இரண்டாவதில் மூன்று. மூன்றே மூன்று அண்ணி. நான் நம்பாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தேன். அதே மூன்று. இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யாரு எடுத்தது இதெல்லாம்?" என்றார். "எங்க அண்ணி." "அவங்க எங்க வேலை பாக்கறாங்க?" "குதிரை கறக்கறாங்க சார்." முன்னால் நான் எழுதிய அந்த ஒரு வரிக்காக என்னை எத்தனை திட்டு வேண்டுமானாலும் திட்டுங்கள். நீங்கள் கத்தாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் கம்பளி அடிக்க வந்திருக்கவே மாட்டார்கள்.

இனிமேல்தான் சிக்கல். குழாய்களை வரிசையாக அடுக்கிப் பெயரைப் படித்தேன். "இருமிவிட்டு வருகிறவர்." "ரேடியோ." "தூங்கிக்கொண்டே குதிரை ஓட்டுகிறவர்." "குதிரைக்கு முத்தம் கொடுக்கிறவர்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. இருமிவிட்டு வருகிறவர் அப்பா. நீங்கள் தலைத்துணியைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று கூடாரத்துக்கு வெளியே நின்று இருமுவாரே.

புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லவும் கூடாது, கையால் எழுதவும் கூடாது. அது எனக்குத் தெரியாதா? நான் அந்த வீட்டில் பிறந்தவள். சித்தப்பா பெரியப்பா பெயரையெல்லாம் மலை எதிரொலிக்கக் கத்திக்கொண்டு வளர்ந்தவள். "சொந்தக்காரர் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்" என்று உங்களுக்கு எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. குழாயில் எண் ஒட்டி அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். இவ்வளவு படித்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

தேர்வுக் குழுவிலிருந்து அல்மாட்டிக்கார டாக்டர் ரௌஷான் இருபத்திரண்டாம் தேதி அங்கே வருகிறார். விண்ணப்பித்தவள் கூட இருக்கக்கூடாதாம், அதனால் நான் வர முடியாது. அண்ணன் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன், போதாதாம். எடுத்தவர் யாரோ அவரே, சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயும் யார் நாயுடையது என்று சொல்லவேண்டுமாம். ஒன்று பிசகினாலும் மற்றதை நம்ப முடியாது என்கிறார்கள். முக்கியமாக "சர்க்கரை எண்ணுகிறவர்." அந்த ஒரு நாய்க்கு இரண்டு பெட்டியிலும் மற்ற எல்லா நாயையும்விட அதிகமாகப் புழு இருக்கிறது. மாத்திரை அங்கே வேலையே செய்யவில்லை. ஏன் என்று அவர் கட்டாயம் கேட்பார்.

ஒரே ஒரு நாள் அந்தப் பெயர்களைச் சொல்லிவிடுங்கள் அண்ணி. கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜிபாரா


துயுக்-பெல், ஆகஸ்ட் 23

கடைக்குட்டிக்கு,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது யாரும் இல்லாத இடத்தில் ஒரு பெயரையாவது சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சொல்லாமல் போனால் உன் மூன்று வருடம் போகும். சொன்னால் இந்த வீட்டில் நான் எப்படி நிமிர்ந்து பார்ப்பது? உன் அண்ணனிடம் கேட்டேன். "ஒனக்கு எது முடியுதோ அது செய்" என்றார். அவரால் முடிந்த உதவி அவ்வளவுதான்.

ரௌஷான் வந்தார். நல்ல மனுஷி. புளித்த குமிஸ் குதிரைப்பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார், அதனால் பெரியவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. நம் கூடாரத்துக்கு முன்னால் கம்பளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் பெண்களோடு ஒதுங்கி நின்றேன். அவர் மடியில் கணினியை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "நான் குழாயில இருக்கிறதப் படிக்கிறேன், நீங்க ஆளு யாருன்னு பேரு சொல்லுங்க" என்றார். பிறகு சத்தமாக, "இருமிவிட்டு வருகிறவர்" என்று படித்தார்.

எனக்கு உதடு ஒட்டிக்கொண்டது. உன்னை நினைத்துக்கொண்டேன், கழிப்பறையில் நீ குதித்ததை நினைத்துக்கொண்டேன். முதல் எழுத்து தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை.

அப்போது மாமா எழுந்தார். "அது நான்தாம்மா. பேரு சாதிர்குல். நாயி என்னோடது. எழுதிக்க" என்றார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "இருமாம நான் என்னிக்கு உள்ள போயிருக்கேன்? சரியாத்தான் வெச்சிருக்கா" என்று சொல்லி உட்கார்ந்தார்.

யாரோ ஒருவர் சிரித்தார், அதோடு சரி, கட்டுப்பாடே போய்விட்டது. "ரேடியோ" என்று படித்ததும் ஓமுர்பெக் என்று அவரே எழுந்து நின்று தன் குதிரைக்குப் பிறந்த குட்டியிலிருந்து ஆரம்பித்துப் பேசத் தொடங்கினார், உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. "தூங்கிக்கொண்டே குதிரை ஓட்டுகிறவர்" என்றபோது அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார், எழுப்பிவிட்டார்கள். (இந்தப் பெயர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னதை எழுதுகிறேன். அதற்கே கை கூசுகிறது.) குதிரைக்கு முத்தம் கொடுக்கிறவர் நான்தான் என்று ஓர் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டார்கள். நான் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தேன், அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்தது யார், அடுத்தது யார் என்று பிள்ளைகள் மாதிரி எட்டிப் பார்க்கிறார்கள். தனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள எத்தனை வருட ஆசையோ தெரியவில்லை.

கடைசியில் "சர்க்கரை எண்ணுகிறவர்" வந்தது. ஒருவரும் எழவில்லை. எல்லாரும் தங்கள் தேநீர்க் கிண்ணத்தைப் பார்க்கிறார்கள். அந்த ஆளும் மற்றவர்களைப் போலவே யாராக இருக்கும் என்று அக்கம்பக்கம் பார்க்கிறார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி பொறுக்கமாட்டாமல், "எழுந்திருங்களேன். என்னாலயும் உங்க பேரச் சொல்ல முடியாது, எனக்கென்னத்துக்கு இந்தத் தலையெழுத்து" என்றாள். அவர் மெதுவாக எழுந்தார். "நான் எண்ணுறதில்ல. யாரு எத்தன கட்டி போடுறாங்கன்னு பாத்துக்குவேன், அவ்வளவுதான். தோக்தொசுன்னு போட்டுக்க."

"உங்க நாய்க்கு மாத்திரை குடுத்தீங்களா?" என்று ரௌஷான் கேட்டார்.

"குடுக்காம? பத்திரமா வெச்சிருக்கேன். இப்பக் கோடைதான, நாயி நல்லாத்தான் இருக்கு. குளிர்காலத்துக்கு ஆகுமேன்னு எடுத்து வெச்சிட்டேன்." சட்டைப்பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார், கசங்காமல் இருந்தது.

ரௌஷான் சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே, கணினி மடியிலிருந்து சரிந்துவிட்டது. மாத்திரை கொடுக்காத நாய்க்குத்தான் புழு அப்படியே இருக்கிறது, கொடுத்த நாய்களில் இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் போய்விட்டது, இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம் என்று சொன்னார். சர்க்கரை எண்ணுகிறவர் அதைக் கேட்டுவிட்டுத் தன்னால்தான் ஆராய்ச்சி ஜெயித்தது என்று இன்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறார். மாத்திரையை நேற்றே அவர் மனைவி பிடுங்கி நாய்க்குக் கொடுத்துவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு நான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா காலிக் கிண்ணத்தை என் பக்கமாக நீட்டினார். ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார்.

உனக்கு எப்போது நேர்காணல்? அதையாவது ஒழுங்காகச் செய்.

அண்ணி


பிஷ்கெக், செப்டம்பர் 8

அண்ணி, அண்ணி, அண்ணி,

கிடைத்துவிட்டது. எனக்கும் தாஷ்கென்டைச் சேர்ந்த ஒரு பையனுக்கும். இந்த முறை உண்மையாகவே கிடைத்துவிட்டது. அப்பாவிடம் இப்போது படித்துக் காட்டலாம். ஜூன் மாதத்து விருந்து செல்லும் என்று சொல்லுங்கள்.

நேர்காணலில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. ஒருவர், "மேய்ச்சல்காரர்கள் உங்களோடு ஒத்துழைப்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரௌஷான், "அதை நான் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார். ரேடியோவில் தொடங்கினார், சர்க்கரையில் முடித்தார். ஏழு பேரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்ததாலா என்று தெரியவில்லை. கடைசியில் தலைவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "உங்க அண்ணி இல்லன்னா இந்தத் திட்டம் நடக்குமா?" பயந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். நடக்காது என்றேன். "அப்ப அவங்களுக்கும் சம்பளம் போடுங்க, பட்ஜெட்ல அது இல்லையே" என்றார்.

போட்டாயிற்று. கள ஒருங்கிணைப்பாளர், மூன்று வருடம், மாதாமாதம் சம்பளம் உங்கள் கையில். அண்ணன் கையில் இல்லை. உங்களுக்குச் சம்மதம்தானே? சம்மதம் என்று நானே நினைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண், "அவங்க முழுப் பேரு சொல்லுங்க" என்றாள்.

அண்ணி, நான் விழித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் உங்களைக் கூப்பிடுகிற பெயர் தெரியும். உங்கள் அப்பா பெயர் எனக்குத் தெரியவில்லை. என் ஆறாம் வகுப்பில் நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தீர்கள். எனக்குத் தலை பின்னிவிட்டீர்கள், நான் படிக்க வரும்போது உங்கள் காதணியை விற்றுப் பை வாங்கிக் கொடுத்தீர்கள். இருந்தும் நான் அவளிடம், "கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும், எனக்கு அது தேவைதான்.

உங்கள் முழுப் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுதி அனுப்புங்கள். வெட்கத்தோடு கேட்கிறேன்.

ஜிபாரா


துயுக்-பெல், செப்டம்பர் 12

ஜிபாராவுக்கு,

உன் கடிதத்தை மாமா என்னையே படிக்கச் சொன்னார், எல்லாரும் கேட்கும்படி படித்தேன். கிடைத்துவிட்டது என்ற இடத்தில் உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனேன் என்றார், குதிரைகளெல்லாம் ஓடைக்கரையில்தான் நின்றன. கடைசிப் பக்கம் வந்ததும் நான் தயங்கினேன். "அதையும் படி" என்றார் மாமா. படித்தேன். மாமா கல்பாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இவ அப்பன் பேரு கெங்கெஷ். பொண்ணு கேட்டு அவன் வீட்டு வாசல்ல ரெண்டு தடவ நின்னவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனா இந்த வீட்டுல ஒரு நாளும் அத யாரும் சொன்னதில்ல" என்றார்.

வெட்கப்படாதே. நீயாவது கேட்டாய்.

சம்மதம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை எழுதுகிறேன். சம்மதம். சந்தோஷத்தில் இன்றைக்குக் கறந்த பாலில் பாதியைக் கீழே சிந்திவிட்டேன். அடுத்த வாரம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிராமத்துக்கு இறங்குகிறோம். அங்கே நூறு நாய்க்குக் குறையாமல் இருக்கும், முன்னூறு மாத்திரையாவது அனுப்பிவை. குழாயில் எண் ஒட்டு. ஓடைக்கரை வீட்டு மருமகளை எனக்கு உதவிக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று அந்தத் தலைவரைக் கேள்.

பெயரைக் கேட்டாய் அல்லவா? கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்னார் மகள் இன்னாள் என்று இதை நான் எங்கேயும் எழுதவில்லை. நாலு தாளில் எழுதிப் பார்த்து, கோணல் இல்லாமல் வந்ததை அனுப்புகிறேன்.

கெங்கெஷ் கிஸி நஸிகாத்